முகமில்லாத இரண்டு பெண்கள்

மேல்நிலை வகுப்பில் ஓவியத்தை ஒரு பாடமாக எடுத்துப் படிக்கலாம் என்பது மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த எங்கள் தலைமுறைப் பெண்கள் பலருக்குக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் தெரியும். எங்களுக்கு இருந்தது வாரத்தில் ஒரு 'டிராயிங் பீரியட்'. அதையும் கணக்கு ஆசிரியர் கடன் வாங்குவார், திருப்பித் தந்ததில்லை. பத்தாம் வகுப்போடு அதுவும் நின்றது. என் அக்கா மகள் சிபிஎஸ்இ பள்ளியில் படித்தாள், பதினொன்றில் ஓவியத்தை எடுத்தாள். வீட்டில் எதிர்ப்பு வரவில்லை. "மார்க் வரும்" என்றார்கள். செய்முறைக்கு 70, எழுத்துத் தேர்வுக்கு 30. அந்த 30 மதிப்பெண்ணுக்கான இந்தியக் கலை வரலாற்றைத்தான் இங்கே ஒரு பிரதியாக எடுத்து வாசிக்கிறேன். பதினாறு, பதினேழு வயதுப் பெண் ஒருத்தி கலை என்றால் என்ன, அதில் தன் இடம் எது என்று கற்றுக்கொள்வது செய்முறை வகுப்பின் பானையிலும் கத்தரிக்காயிலும் மட்டுமல்ல. மனப்பாடம் செய்யும் அந்தப் பக்கங்களிலும்தான்.

அந்தப் பக்கங்களில் பெண்களுக்குப் பஞ்சமே இல்லை. மொகஞ்சதாரோவின் நடனப் பெண்ணில் தொடங்கி ராதைகள், நாயகிகள், அன்னையர் என்று வந்துகொண்டே இருக்கிறார்கள். கிஷன்கர் ஓவியமான 'பனி தனி'யை எடுத்துக்கொள்ளுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் நிஹால் சந்த் வரைந்தது. மாணவி எழுதவேண்டிய விடை இப்படிப் போகும்: வில் போன்ற புருவம், தாமரை இதழாய் நீண்ட கண், கூரிய மூக்கு, கையில் தாமரை மொட்டு. நம் சிற்றிலக்கியங்களின் கேசாதிபாத வருணனை தோற்றுவிடும். அரசவையில் பாடகியாக இருந்த ஒரு பெண்ணின் சாயலில் இந்த ராதை வரையப்பட்டது என்பார்கள். அந்தப் பெண் 'ரசிக் பிஹாரி' என்ற பெயரில் கவிதை எழுதியவள் என்பதும் மரபில் வழங்கும் செய்தி. ஒரு கவிஞரின் மூக்கை மூன்று வரியில் வருணிக்கத் தெரிந்த மாணவிக்கு அவர் எழுதினார் என்பது தெரியவேண்டியதில்லை. தேர்வுக்கு அது வராது.

நவீனக் கலைக்கு வருவோம். அவள் கையிலிருந்த பட்டியலில் அந்தப் பகுதிக்கு ஓவியம், அச்சுக்கலை, சிற்பம் எல்லாம் சேர்த்துப் பதின்மூன்று படைப்புகள். பெண்கள் செய்தவை இரண்டு. இந்தக் கணக்கைச் சொல்லி நிறுத்துவது எளிது. பட்டியலில் நான்கு பெண்பெயர்களைச் சேர்த்துவிட்டால் குற்றச்சாட்டும் தீர்ந்துவிடும். என் சிக்கல் அங்கே இல்லை, படைப்புகளைப் பார்க்கச் சொல்லித்தரும் முறையில் இருக்கிறது.

பட்டியலில் நம் மெரினாவின் உழைப்பாளர் சிலை இருக்கிறது. சென்னை ஓவியப் பள்ளியின் முதல் இந்தியத் தலைவரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. 1959இல் கடற்கரையில் வைத்தார்கள். நான்கு ஆண்கள் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். தசைநார்களின் முறுக்கு, கூட்டு உழைப்பின் பெருமை, வெண்கல வார்ப்பின் நேர்த்தி என்று விடை எழுதலாம், எல்லாம் உண்மைதான். சிலை நல்ல சிலை. ஆனால் பாறை உடைப்பதும் கல் சுமப்பதும் சித்தாள் இல்லாமல் நடக்கிற ஊரா இது? சும்மாடு கட்டிய தலையில் பாண்டுச் சட்டி ஏற்றிச் சாரத்தில் ஏறும் பெண்ணை இந்த ஊரில் எந்தக் கட்டடத்திலும் பார்க்கலாம். பெரியாளை விடக் குறைந்த கூலி வாங்குகிறவள் அவள். 'உழைப்பின் வெற்றி' என்று பெயர் வைத்த சிலையில் அவள் ஏன் இல்லை என்ற கேள்வி சிலையைக் குறைத்துப் பேசுவதாகாது, சிலையைப் பார்ப்பதுதான் அது. இதற்கு விடையளிப்பதுபோல அதே பட்டியலில் ராம்கிங்கர் பைஜின் 'சந்தால் குடும்பம்' நிற்கிறது. சாந்திநிகேதனில் 1938இல் சிமெண்டும் செம்பூராங்கல் சரளையும் கொண்டு உருவாக்கியது. அதில் ஆண் காவடித் தடியில் கூடை தொங்கவிட்டுப் பிள்ளையைச் சுமக்கிறான். பெண் அவனுக்குப் பக்கத்திலேயே நடக்கிறாள். இரண்டையும் அருகருகே வைத்துப் பேசினால் ஒரு பீரியட் போதாது. பாடத்தில் அவை தனித்தனி ஐந்து மதிப்பெண்கள்.

இனி முகங்கள். எம்.எஃப். ஹுசைனின் 'மதர் தெரசா' நீலக்கரை வெள்ளைப் புடவை, மடி, குழந்தை ஆகியவற்றால் ஆனது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறுமை. அனுபம் சூத்தின் 'ஆஃப் வால்ஸ்' 1982இல் துத்தநாகத் தகட்டில் அமிலம் அரித்து எடுத்த அச்சு. சிதைந்த சுவருக்கு முன் நடைபாதையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கும் முகமில்லை. முன்னால் தரையில் படுத்திருக்கும் ஒருவரின் உடல் பாதிதான் தெரிகிறது. முதல் படத்துக்கு எழுதவேண்டியது: உலகளாவிய தாய்மை. இரண்டாவதற்கு: சோகம், தனிமை. ஒரே உத்தி, இரண்டு விடை, இரண்டுக்கும் மதிப்பெண். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டால் எவ்வளவோ திறக்கும். ஹுசைன் கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தவர். அந்த முகத்தை அவரால் நினைவுகூர முடியவில்லை. அங்கே வெறுமை ஒரு மகனின் இழப்பு. அது என்னையும் தொடுகிறது. ஆனால் முகத்தை எடுத்துவிட்டால் எஞ்சுவது மடியும் புடவையும் என்றால், அந்தப் பெண்ணிடம் கேட்கப்படுவது சேவை ஒன்றுதான் என்றாகிவிடுகிறது. அனுபம் சூத்தின் பெண்ணுக்கு மடியில் யாருமில்லை. அவள் யாருக்கும் எதுவும் தரவில்லை, வெறுமனே உட்கார்ந்திருக்கிறாள். தெருவில் காரணமின்றி உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு நம் ஊர் என்னென்ன பெயர் வைக்கும் என்று யோசித்தால், அந்த முகம் ஏன் அழிந்தது என்பது புரியத் தொடங்கும். அதைச் 'சோகம்' என்று ஒரு சொல்லில் முடிப்பது சோம்பேறித்தனமான வாசிப்பு.

மற்றொரு பெண் படைப்பாளி அம்ரிதா ஷெர்கில். 1941இல் இருபத்தெட்டு வயதில் இறந்தவர். பாரிஸில் பயின்றவர், 1934இல் தன்னையே மேலாடையின்றித் தாஹிதிப் பெண்ணாக வரைந்துகொண்டவர். பள்ளிக்கு வந்த அம்ரிதா 'மஞ்சள் அரைப்பவர்கள்' மட்டும். 1940இல் வரைந்தது, மரநிழலில் குனிந்து வேலை செய்யும் பெண்கள். பள்ளிப் பாடத்தில் நிர்வாணத்தைத் தவிர்த்திருப்பார்கள் என்பதை ஊகிக்க முனைவர் பட்டம் தேவையில்லை. ஆனாலும் ஒரு பெண்ணின் பெயரில் வரும் ஒரே ஓவியத்துக்கு அம்மியும் மஞ்சளும் மணக்கும் ஒன்றைத் தேடியெடுத்திருப்பதில் ஒரு வசதி இருக்கிறது. படம் அந்த வசதிக்கு உடன்படவில்லை என்பதுதான் சுவாரசியம். அந்தப் பெண்களில் யாரும் அழகுக்காக வரையப்படவில்லை. பனி தனிக்குப் பொருந்திய ஒரு பெயரடைகூட இவர்களுக்குப் பொருந்தாது.

ஓவியம் கற்ற பெண் நமக்குப் புதியவள் அல்ல. மணிமேகலையின் ஊரலருரைத்த காதையில் மாதவி கற்றுத் தேர்ந்ததாகச் சொல்லும் கலைகளில் ஓவிய நூலும் உண்டு. அவள் கற்றது கணிகையர் குலத்தில் பிறந்ததால். கற்றவள் அதை விட்டுத் தவம் புகுந்தாள் என்றுதான் ஊர் அலர் தூற்றியது. குடும்பப் பெண்ணுக்கு அந்த நூல் எட்டவேயில்லை. (உடனே கோலத்தைக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். விடியுமுன் போட்டு வெயிலுக்குள் மிதிபட்டு அழிவதை நம் ஓவிய மரபென்று கொண்டாடி, பள்ளியில் தூரிகை தராததை மறந்துவிடுகிறோம்.) இன்று குலத்தின் இடத்தில் கட்டணம் நிற்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்கென நியமித்த ஆசிரியர்கள் பகுதிநேரத்தவர். தொடக்கச் சம்பளம் மாதம் ஐயாயிரம். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பலமுறை போராடிவிட்டார்கள்.

என் வகுப்புக்கு வரும் பெண்கள் அந்தப் பள்ளிகளிலிருந்துதான் வருகிறார்கள். பெண்ணெழுத்துத் தாளில் இந்த இரண்டு முகமற்ற படங்களையும் நகலெடுத்துக் கொடுத்தேன். வெகுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு, அம்மா சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு மாணவி, சுவர்முன் இருப்பவளைக் காட்டி, "இந்தம்மா வேலைக்குக் கூப்பிடுவாங்கன்னு காத்திருக்காங்க மேடம்" என்றாள். அடுத்த வரிசையில் இருந்தவள் மறுத்தாள்: "இல்ல, வேலை முடிஞ்சு உட்கார்ந்திருக்காங்க." மணி அடிக்கும்வரை அதைத்தான் பேசினார்கள்.