முடிவுறாமையின் பட்டியல்: டெபியன் வெளியீடுகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

நூலை அரங்கேற்றுமுன் அவையடக்கம் கூறுதல் எமது புலவர் மரபு. தன் நூலிற் குற்றங்கள் உளவெனப் புலவன் பணிவுடன் ஒப்புக்கொள்வான். ஆயின், அவை எவ்விடத்து உள என ஒருபோதும் சுட்டான். சுட்டினால் அஃது அவையடக்கமாகாது. டெபியன் என்னும் திறந்த மூலப் பணிசெயல் முறைமையை ஆக்குவோர் இதற்கு நேர்மாறான வழக்கமொன்றைக் கைக்கொண்டுள்ளனர். குற்றம் எங்கே உள்ளது, எத்தகையது, எப்போது அறியப்பட்டது என்பனவற்றை இலக்கமிட்டு யாவரும் காணப் பதிந்து வைக்கின்றனர். பணிவுச் சொல் ஒன்றேனும் அதில் இல்லை. 1997 இல் அவர்கள் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தம், குறைகளை மறைப்பதில்லை என்பதனைத் தனியொரு விதியாகவே கொண்டுள்ளது. அப்பட்டியலைப் பொறியியற் கருவியாக மாத்திரமன்றி ஒரு பனுவலாகவும் வாசித்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

டெபியன் 1993 இல் இயன் மேர்டொக் என்னும் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவராற் தொடங்கப்பட்டது. அதனை உருவாக்குவோர் ஊதியமின்றி உழைக்கும் தொண்டர்கள். ஆயிரக்கணக்கான மென்பொருட் பொதிகள் ஒன்றுசேர்க்கப்பட்டு, பரிசோதிக்கப்பட்டு, ஒரு பெயருடன் வெளியிடப்படுகின்றன. பெயர்கள் ‘ரோய் ஸ்ரோரி’ திரைப்படப் பாத்திரங்களிலிருந்து எடுக்கப்படுவன. என்றுமே வெளியிடப்படாது மாறிக்கொண்டேயிருக்கும் கிளைக்கு, அப்படத்தில் விளையாட்டுப் பொருள்களை உடைக்கும் சிறுவனாகிய சிட்டின் பெயர் இடப்பட்டுள்ளது. தம் தொழிலை இத்துணைத் தெளிவாக அறிந்தோர் சிலரே. பதியப்படும் வழுக்கள் கடுமைக்கேற்பத் தரம் பிரிக்கப்படும். மேலுள்ள மூன்று தரங்களுள் அடங்குவன வெளியீட்டைத் தடுக்கும் வழுக்கள் எனப்படும். நாள் குறித்து வெளியிடாது, ஆயத்தமானபோதே வெளியிடுதல் என்பது டெபியனின் நெடுங்காலக் கொள்கையாக இருந்துவந்துள்ளது.

ஆயத்தம் என்பதை யார், எதனைக் கொண்டு தீர்மானிப்பது? மென்பொருளாக்கத் தாமதம் பற்றிப் பேசுவோர் வழமையாக இரு நூல்களை எடுத்தாள்வர். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்./360 முறைமையை ஆக்கிய அனுபவத்திலிருந்து பிரெட் புரூக்ஸ் 1975 இல் வெளியிட்ட நூல் ஒன்று. பிந்திவிட்ட வேலைக்கு ஆட்களைக் கூட்டினால் அது மேலும் பிந்தும் என்பது அதன் புகழ்பெற்ற முடிபு. 1997 இல் எரிக் றேமண்ட் முன்வைத்த கட்டுரை மற்றையது. மூலநிரல் திறந்திருந்து பார்ப்போர் தொகை பெருகின் வழுக்கள் எளிதிற் புலப்படும் என்பது அவர் வாதம். ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றும் இவ்விரண்டும் ஓரிடத்தில் உடன்படுகின்றன. எஞ்சிய வேலையை இரண்டுமே ஓர் அளவாகக் கொள்கின்றன. அது ஆட்களாற் கூடும் அல்லது கண்களாற் குறையும். (வடிவமைப்பின் கருத்தொருமை பற்றி எழுதிய புரூக்ஸ் இவ்வளவோடு நின்றவரல்லர் என்பதையும் கூறுதல் நியாயமே.) டெபியனின் மூன்றாம் தொடர் வெளியீடுகளின் வரலாறு இந்த உடன்பாட்டையே ஐயத்துக்குள்ளாக்குகின்றது.

‘வூடி’ 2002 யூலையில் வெளிவந்தது. அடுத்ததாகிய ‘சார்ஜ்’ 2005 யூன் 6 ஆம் திகதியே வெளிவந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள்! தாமதத்துக்குப் பொறியியற் காரணங்கள் இருந்தன. பழைய நிறுவற்செயலி கைவிடப்பட்டுப் புதியதொன்று அடியிலிருந்து எழுதப்பட்டது. பதினொரு வகை முறைவழியாக்கிகளுக்கும் பாதுகாப்புத் திருத்தங்களை ஒருங்கே ஆக்கி வழங்கும் ஏற்பாடு ஆயத்தமாகாதிருந்தது. இவற்றைப் புரூக்ஸின் துணைகொண்டு விளக்கிவிடலாம். விளக்க முடியாத நிகழ்ச்சியொன்று 2004 ஏப்பிரலில் நேர்ந்தது.

சமூக ஒப்பந்தத்தின் சொற்களைச் செம்மைப்படுத்தும் தீர்மானமொன்று அப்போது வாக்கெடுப்பில் நிறைவேறிற்று. ‘பதிப்புத் திருத்தங்கள்’ என்பதே அதன் தலைப்பு. டெபியன் முற்றாகக் கட்டற்ற மென்பொருளாகவே இருக்கும் என்றிருந்த வாக்குறுதியில் ‘மென்பொருள்’ என்ற சொல் நீங்கி, டெபியன் முழுவதுமே கட்டற்றதாயிருக்கும் என்றாயிற்று. அதுவரை, கையேடுகள் மென்பொருளா, வன்பொருளுக்குள் ஏற்றப்படும் சிறுநிரல்கள் மென்பொருளா என்ற வினாக்கள் அச்சொல்லின் நிழலில் உறங்கிக்கிடந்தன. சொல் நீங்கியதும் அவை விழித்தெழுந்தன. கட்டற்றதல்லாத ஆவணங்களையும் சிறுநிரல்களையும் அகற்றாது சார்ஜை வெளியிடுதல் இயலாதென வெளியீட்டுப் பொறுப்பாளர் அறிவித்தார். நிரலில் ஒரு வரிதானும் மாறவில்லை. புதிய வழுவெதுவும் தோன்றவுமில்லை. ஆயினும் எஞ்சிய வேலை ஒரு நாளிற் பன்மடங்காயிற்று. பின்னர் அதே ஆண்டு யூலையில் மற்றொரு வாக்கெடுப்பு நடத்தி, அத்திருத்தம் சார்ஜ் வெளிவந்த பின்னரே செயற்படும் என ஒத்திவைத்தனர். வேலை மீண்டும் குறைந்தது; அப்போதும் நிரல் மாறவில்லை.

உரைவேறுபாட்டால் நூற்பொருள் மாறுவதைத் தமிழ் கற்போர் நன்கறிவர். இங்கு அவ்வேறுபாடு ஓர் உழைப்புத் தொகையாகவே மாறிவிட்டதைக் காண்கின்றோம். ஆகவே ‘முடிவுறாத வேலை’ என்பது நிரலில் மாத்திரம் உறைவதன்று. எது குறை என ஒரு சமூகம் கொள்கின்றதோ அக்கோட்பாட்டிலும் உறைகின்றது.

இந்த உண்மையைப் பட்டியலே ஒளிவுமறைவின்றிக் காட்டுகின்றது என்பதுதான் அதன் சிறப்பு. வெளியீட்டைத் தடுக்கும் வழுவொன்றினை மூன்று வழிகளில் அகற்றலாம். திருத்தலாம், வழுவுள்ள பொதியை வெளியீட்டிலிருந்து நீக்கிவிடலாம், அன்றேல், இந்த வெளியீட்டைப் பொறுத்தமட்டிற் பாராதிருக்க எனக் குறியிடலாம். மூன்றாவதற்கெனச் சார்ஜின் பெயராலேயே ஒரு குறி இருந்தது. அதனை இடும் உரிமை வெளியீட்டுப் பொறுப்பாளருக்கே உரியது. இதனை வெறுஞ் சூழ்ச்சியென இகழ்வோர் உளர். யான் அவ்வாறு கருதவில்லை. வணிக நிறுவனங்களும் தெரிந்த குறைகளுடனேயே தம் பொருள்களை வெளியிடுகின்றன. பாராதிருக்கும் முடிவு பூட்டிய அறைக்குள் எடுக்கப்படுவதால் அது எவர் முடிவென நாம் அறிவதில்லை. டெபியனில் வழு பட்டியலில் நிற்கின்றது. அதன் அருகே விலக்கும் நிற்கின்றது. விலக்களித்தவரை விமர்சிக்க எவருக்கும் இயலும்.

அவ்வாறு காத்திருந்து வெளியிட்ட சார்ஜுக்கு நேர்ந்ததையும் கூறல் வேண்டும். முதலில் வெளியான இறுவட்டுகளிலிருந்து நிறுவியவர்களின் கணினிகளிற் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறுவதற்கான வரி செயலற்றதாகவும், பரிசோதனைக் கிளையைச் சுட்டுவதாகவும் அமைந்திருந்தது. உடனடியாகத் திருத்திய இறுவட்டுகளை வெளியிட நேர்ந்தது. பாதுகாப்பு ஏற்பாட்டுக்காகவும் காத்திருந்த ஒரு வெளியீடு, பாதுகாப்பு வரியிலேயே இடறிற்று!

அடுத்த வெளியீடாகிய ‘எட்ச்’ 2006 டிசெம்பருக்கு எனத் திட்டமிடப்பட்டது. அதனை உரிய காலத்தில் வெளிக்கொணரும் பொருட்டு, வெளியீட்டுப் பொறுப்பாளர் இருவருக்கு நன்கொடைப் பணத்திலிருந்து ஊதியம் வழங்கும் முயற்சியொன்று அவ்வாண்டு செப்ரெம்பரில் டெபியன் தலைவரின் ஆதரவுடன் தொடங்கப்பட்டது. கடும் எதிர்ப்பு எழுந்தது. ஒருவருக்கு ஊதியமெனின், அதே பட்டியலின் மற்றைய வழுக்களைத் திருத்துவோரின் உழைப்பு யாது? தலைவரைப் பதவிநீக்கும் பிரேரணை வாக்கெடுப்பு வரை சென்று தோல்வியுற்றது. வேறு சிலரின் எதிர்ப்பு நயமானது: வெளியீட்டைத் தடுக்கும் வழுக்களை மேன்மேலும் தேடிப் பதிவதே தம் பணியென அறிவித்தனர். முறைப்படி நோக்கின் இது பழுதற்ற தொண்டு. நோக்கப்படி இது தடை. எட்ச் 2007 ஏப்பிரல் 8 ஆம் திகதி வெளிவந்தது. இத்தாமதத்துக்கு அந்தப் பிணக்கு எவ்வளவு காரணம் என்று அளக்கப் புகுதல் வீண். பட்டியலிலுள்ள ஒவ்வோர் இலக்கத்தின் பின்னும் ஒருவரின் ஓய்வுநேரம் உள்ளது என்பதைப் புரூக்ஸின் நூலும் றேமண்டின் கட்டுரையும் போதியளவு கணக்கிலெடுக்கவில்லை என்பதே ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

பட்டியலைப் புகழ்ந்துகொண்டே சென்றால் இக்கட்டுரை விமர்சனமாகாது. எட்ச் வெளிவந்தபோது அதன் மிகப் பெரிய குறை பட்டியலில் இருக்கவேயில்லை. மறைகுறியாக்கச் சாவிகளை ஆக்கும் ஓப்பின் எஸ்.எஸ்.எல். பொதியில், 2006 இல், பரிசோதனைக் கருவியொன்று எழுப்பிய எச்சரிக்கையை நீக்கும் பொருட்டு நிரல்வரிகள் அகற்றப்பட்டன. அவ்வரிகளே எழுமாற்றுத் தன்மையின் உயிர்நிலை. மாற்றம் செய்தவர் மூல ஆக்குநர்களின் மடற்குழுவில் முன்கூட்டியே வினவியிருந்தார்; தடுக்கத்தக்க மறுப்பு எழவில்லை. விளைவாக, எண்ணிறந்தனவாயிருக்க வேண்டிய சாவிகள் ஒவ்வொரு வகைக்கும் ஏறத்தாழ 32,768 ஆகச் சுருங்கின. ஒரு சாதாரண கணினி அவற்றை முழுவதும் முயன்று பார்த்துவிடும். 2008 மே மாதத்திலேதான் இது வெளிப்படுத்தப்பட்டது. டெபியனை மாத்திரமன்றி அதன் வழிவந்த உபுண்டுவையும் இது தாக்கியது. உலகெங்கும் சேவையகங்களை நடத்தியோர் தம் சாவிகளை மாற்ற நேர்ந்தது.

றேமண்டின் கண்கள் இங்கு என்ன செய்தன? நிரல் திறந்திருந்தது, கேள்வியும் பகிரங்கமாகக் கேட்கப்பட்டது. எச்சரிக்கையொன்றை நீக்கும் சிறு திருத்தமாக அது தோன்றியமையால், பார்த்தவர்கள் அதனை முடிந்த வேலையாகவே கண்டனர். முடிவுறாதவற்றைக் காக்கும் பட்டியலுக்கு, முடிந்துவிட்டதாகக் கருதப்படுவதை மீளப் பார்க்கும் ஆற்றல் இல்லை. அவையடக்கம் கூறிய பழம்புலவன், இடஞ்சுட்டாது குற்றம் உண்டென்று மாத்திரம் கூறியதில் ஒரு விவேகம் இருந்தது என்று இவ்விடத்தில் எண்ணத் தோன்றுகின்றது.

பின்வந்த ஆண்டுகளில் டெபியன் ஒரு நடுவழியைத் தேர்ந்தது. மாற்றங்களை நிறுத்தும் உறைநிலைக்கு முன்கூட்டியே காலம் குறிக்கப்படுகின்றது. வெளியீட்டு நாளோ ஆயத்தத்தைப் பொறுத்ததாகவே உள்ளது. 2011 பெப்ரவரியில் வந்த ‘ஸ்குவீஸ்’ முதல் 2025 ஓகத்தில் வந்த ‘றிக்ஸி’ வரை ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒன்றாக வெளியீடுகள் தவறாது வந்துள்ளன. வழுக்கள் அருகிவிட்டமையால் இவ்வொழுங்கு வந்ததன்று. எதனை இம்முறை விட்டுவிடுவது என்பதை முன்னதாகவே தீர்மானிக்கப் பழகினர். நீக்கப்படும் பொதிகளின் பட்டியலும் பாராதிருக்க இட்ட குறிகளும் இன்றும் யாவரும் வாசிக்கக்கூடியனவாக உள்ளன.