சுண்டு விரலின் சாமர்த்தியம்

புதுச்சேரி கடற்கரையில் போலீஸ் பேண்ட் வாசிக்கும்போது நான் கிளாரினெட்காரர்களின் சுண்டு விரல்களைத்தான் பார்ப்பேன். இன்று பரவலாக இருக்கும் சாவி அமைப்பு பிரெஞ்சுச் சரக்கு. கிளாரினெட் கலைஞர் குளோசேயும் கருவி செய்பவர் பூஃபேயும் 1844-இல் காப்புரிமை பெற்றது. சில சுரங்களுக்கு இரு பக்கமும் சாவி இருப்பதுதான் அதன் அழகு. 'பி'யை இடது சுண்டு விரலில் பிடித்தால், அடுத்து வரும் 'சி ஷார்ப்' வலதுக்கு. ஒரே விரலைச் சறுக்கவிட்டால் ஓட்டம் விக்கும். நடு ஸ்தாயியின் 'பி ஃபிளாட்'டிலிருந்து மேலே தாண்டும் இடம் இன்னும் மோசம்: ஏறக்குறைய எல்லா விரல்களும் ஒரே கணத்தில் இறங்க வேண்டும். தேர்ந்தவர் வலது கை விரல்களை முன்கூட்டியே மூடி வைத்துவிடுவார்; மெலிந்த அந்தச் சுரமும் சற்றுக் கனத்து ஒலிக்கும். கர்நாடக இசையின் கமகத்துக்கோ எந்த விரல் அட்டவணையும் போதாது. அதற்கு, 2022-இல் பத்மஸ்ரீ பெற்ற ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட் வாசிப்பைக் கேளுங்கள்.