மலைக்குப் போகாத இணையம்

குருவிட்டவில் எங்கள் லயத்து இணையம் காலையில் கொழுந்தெடுக்கப் போகும். பின்னேரம்தான் வீடு திரும்பும். ஹொட்ஸ்பொட் போடும் போன் அண்ணியுடையது. மகளின் ஓ.எல். வகுப்பு, என் கணக்கு வேலை, பக்கத்துக் காம்பராவில் தம்பியின் படிப்பு, மூன்று லெப்டொப்புக்கும் அது ஒன்றுதான். இரவெல்லாம் ஹொட்ஸ்பொட் ஓடி, பாதி சார்ஜோடுதான் அண்ணி மலைக்குப் போவார். அதற்காகவே டிபி-லிங்க் டிஎல்-எம்ஆர்6400 ரவுட்டரை வாங்கினோம்.

மைக்ரோ சிம்மைச் செருகி, இரண்டு அன்டெனாவையும் திருகினால் வேலை முடிந்தது. வெளியே ஒரே இணைப்பு. உள்ளே ஒவ்வொரு லெப்டொப்புக்கும் 192.168 என்று தொடங்கும் தனி முகவரி. தோட்ட ஆபீசுக்கு வந்து குவியும் கடிதங்களை லயம் லயமாகப் பிரிப்பதுபோல, யார் கேட்டது எது என்று பார்த்து அவரவரிடம் சேர்க்கிறது ரவுட்டர்.

பொக்ஸில் உள்ள 300 எம்பிபிஎஸ்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம். அது வீட்டுக்குள் ஓடும் வைஃபையின் கணக்கு. டவரிலிருந்து 4ஜியில் இறங்கக்கூடியது அதிகபட்சம் 150. மலை மறைவில் கிடைப்பது அதில் ஒரு துண்டு. ஆகவே வைக்கும் இடம் முக்கியம். அலுமாரி மேல் ஒரு சிக்னல் விளக்குதான் எரிந்தது. வீதிப் பக்க ஜன்னலில் மூன்றும் எரிந்தன.

வைஃபை 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டுமே. எங்கள் கருங்கல் சுவரைத் தாண்டும்போது அது இளைத்துவிட்டது. கூரை மரத்தோரமாக ஒரு கேபிளை இழுத்து, பின்னாலுள்ள நான்கு போர்ட்டில் ஒன்றில் செருகினோம். தம்பியின் வீடியோ திக்குவது அன்றோடு நின்றது.

பங்கு போடும்போது டேட்டாவும் பங்காகிறது. முதல் மாதம் என் லெப்டொப் சத்தமில்லாமல் அப்டேட் இறக்கி, பாதிப் பக்கேஜை விழுங்கியது. மகளிடம் பேச்சு வாங்கினேன். இப்போது தானாக இறங்கும் அப்டேட்டை நிறுத்திவிட்டேன். ரவுட்டரில் ஒவ்வொரு கணினிக்கும் வேக வரம்பு போடவும் இடமுண்டு. வகுப்பு இருப்பவருக்குக் கூடுதலாக ஒதுக்கியிருக்கிறோம்.

உள்ளே பேட்டரி இல்லை. கரண்ட் போனால் இணையமும் போகும். சின்ன யூபிஎஸ் வாங்குவதானால் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள். சித்திரை மாதப் பின்னேர இடிக்கு யூபிஎஸ் போதாது, பிளக்கையே கழற்றிவிடுங்கள்.

வீட்டில் ஒரே லெப்டொப் என்றால் போனே போதும். இரண்டுக்கு மேல் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். எங்கள் அண்ணி இப்போது முழுச் சார்ஜோடு மலைக்குப் போகிறார்.