பழைய ஜப்பானிய வாட்பள்ளிகளும் புதிய மாணாக்கரும்

ஜப்பானில் சிபா மாகாணத்துக் கதோரித் திருத்தலத்தோடு தொடர்புடையதும், பதினைந்தாம் நூற்றாண்டில் ஈசாசா இயெனாவோ என்ற வீரரால் தோற்றுவிக்கப்பட்டதென்று மரபு கூறுவதுமான தென்ஷின் ஷோடென் கதோரி ஷிந்தோ-ரியூ என்னும் பள்ளியில் சேர விரும்புகிறவர், வாளைத் தொடுவதற்கு முன்பே, தம் விரலைக் கீறி இரத்தத்தால் முத்திரையிட்டு ஒரு பிரமாணம் செய்து கொடுக்க வேண்டும். பள்ளியின் நுட்பங்களை உறவினருக்குக்கூட வெளியிடுவதில்லை. கற்ற வித்தையைத் துஷ்பிரயோகம் செய்வதில்லை. சூதாடுவதில்லை, தகாத இடங்களுக்குச் செல்வதில்லை. அனுமதியின்றிப் பிற பள்ளியாரோடு வாள் கலப்பதில்லை என்பன அதன் சாரம். ஒரு மாதச் சந்தா செலுத்தி உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து பழகிய நவீன மனிதருக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் இந்தப் பிரமாணத்தின் பொருளை உணராமல் உள்ளே நுழைகிறவர், பிற்பாடு அங்கே காணப்போகும் எதையும் சரிவர மதிப்பிட இயலாது என்பதே என் கருத்து.

1868-இல் மெய்ஜி ஆட்சி ஏற்படுவதற்கு முன்பு தோன்றி, இன்றளவும் குருவிடமிருந்து சீடருக்கு நேரடியாக வழங்கி வருகிற வாள், ஈட்டி, கோல், மல்லாடல் முதலிய வித்தைகளின் பள்ளிகளைக் கோரியூ என்று கூறுவர். ஜூடோவும் கெண்டோவும் நம் ஊர்களில் பிரசித்தமான கராத்தேயும் அவற்றில் சேர்ந்தவை அல்ல. ஜூடோ, கானோ ஜிகோரோ 1882-இல் டோக்கியோவில் நிறுவிய கோடோகானில் பிறந்தது. கராத்தே ஓகினாவாத் தீவிலிருந்து ஜப்பானின் பெருநிலத்துக்கு வந்து வேரூன்றியது 1920-களில்தான். வர்ணப் பட்டைகள், புள்ளிக் கணக்குடன் கூடிய போட்டிகள், ஆறு மாதத்துக்கு ஒரு தேர்வு என்னும் ஏற்பாடுகள் யாவும் இப்புதிய கலைகளுக்கு உரியவை. பழைய பள்ளிகளிலோ, ஆண்டுகள் பல கழிந்தபின் குரு மனமுவந்து அளிக்கும் சுருளேட்டு உரிமைப் பத்திரங்களே படிகள். அவற்றின் முடிவான மென்க்யோ கைடென் என்னும் பூரண உரிமை வெகு சிலருக்கே கிட்டுகிறது. ஆகவே அங்கே சேர்கிறவர் ஒரு திறமையை விலைக்கு வாங்கும் வாடிக்கையாளர் அல்லர். ஒரு குடும்பச் சொத்தைக் காத்துப் பின்வருவோரிடம் ஒப்படைக்கும் பொறுப்புக்குப் பரீட்சார்த்தமாக ஏற்கப்படுகிறவரே ஆவார்.

பயிற்சி முழுவதும் கட்டா எனப்படும், முன்கூட்டியே வகுக்கப்பட்ட அசைவுகளின் கோவைகளில் அடங்கியிருக்கிறது. கராத்தேயில் ஒருவர் தனியே நின்று செய்யும் கட்டாவைப் போலன்றி, வாட்பள்ளிகளில் இது பெரும்பாலும் இருவர் எதிரெதிரே நின்று செய்வது. அதிலும் உச்சிதாச்சி என்னும் தாக்குபவரின் பாத்திரத்தை மூத்தவரே ஏற்று, ஷிதாச்சியாக நிற்கும் இளையவரிடம் ஒவ்வொரு முறையும் தோற்றுப்போகிறார். இந்த ஏற்பாட்டைப் போல் போதனா முறையில் நுட்பமான ஒன்றை நான் அதிகம் கண்டதில்லை. வேகத்தையும் தூரத்தையும் அபாயத்தின் அளவையும் நிர்ணயிப்பவர் மூத்தவராதலால், தொடக்கத்தில் இளையவரின் சக்திக்கு ஏற்ப மெதுவாகத் தாக்குகிறவர், நாளடைவில், அடி தவறினால் விரல் முறியும் என்ற எல்லைவரை அவரை இழுத்துச் செல்கிறார்; வெல்லும் பேராசை இருவரிடத்தும் இல்லாமையால் கவனம் முழுவதும் காலடி, மூச்சு, கணநேர இடைவெளி ஆகியவற்றின்மேல் குவிகிறது. மேலும் கதோரிப் பள்ளியின் நீண்ட கட்டாக்களில், வேடிக்கை பார்ப்பவர் கண்ணுக்கு மரவாளோடு மரவாள் மோதுவதாகத் தோன்றும் பல இடங்கள் உண்மையில் கவசத்தின் இடுக்குகளாகிய மணிக்கட்டையோ, அக்குளையோ, கழுத்தையோ வெட்டும் இடங்கள். அந்த நுட்பத்தை முழுமையாக அறியப் பள்ளிக்குள் இருந்து பயில வேண்டும். ஐந்து நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட போர்க்கள அறிவு, நூல்களில் அன்றி மனித உடல்களில் எழுதப்பட்டு இன்றுவரை பிழைத்திருப்பதற்கு இம்முறையைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியாது.

ஆனால் குறையும் இதே வேரிலிருந்துதான் கிளைக்கிறது. 1603-இல் தோகுகாவா ஷோகுன்களின் ஆட்சி நிலைபெற்று, 1638-இல் ஷிமபாராக் கலகம் அடக்கப்பட்டபின், ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு ஜப்பான் பெரும்போரைக் காணவில்லை. இன்று பழமை கொண்டாடும் பள்ளிகளுள் பல அந்த அமைதிக் காலத்தில் தோன்றியவையே. போரில் சோதிக்கப்படாத வித்தை, கட்டாவில் மட்டும் வாழும்போது மெல்ல மெல்ல அலங்காரமாகிவிடும் என்பதை அக்கால ஜப்பானியரே உணர்ந்து கண்டித்தனர். 18-ஆம் நூற்றாண்டில் ஜிகிஷின்காகே-ரியூவைச் சேர்ந்த நகனுமாவும் இத்தோ-ரியூவின் நகனிஷிக் கிளையினரும் மூங்கில் வாளையும் முகக்கவசத்தையும் சீர்திருத்தி, தடையின்றி அடித்துப் பழகும் முறையைப் பரப்பியது இந்தக் குறையை நிவர்த்திக்கவே. பிற்காலத்துக் கெண்டோவுக்கு அதுவே மூலம். எதிராளி எப்போதும் உரிய தருணத்தில், உரிய கோணத்தில் வந்து தோற்றுப்போகும் உலகில் இருபது ஆண்டுகள் வாழ்ந்தவர், தெருவில் ஒரு குடிகாரன் சட்டையைப் பிடிக்கும்போது என்ன செய்வார் என்பதற்குக் கட்டா உத்தரவாதம் தருவதில்லை. ஜூஜுட்ஸு எனப்படும் மல்லாடல் வித்தையின் சில பள்ளிகளில் ரண்டோரி என்னும் கட்டற்ற பயிற்சி இருந்ததும், கானோ அதையே ஜூடோவின் உயிர்நாடியாக்கியதும் கவனிக்கத்தக்கவை.

கானோவைப் பற்றி இங்கே மற்றொரு செய்தி. இளமையில் தென்ஜின் ஷின்யோ-ரியூ என்னும் ஜூஜுட்ஸுப் பள்ளியின் ஆசிரியர் ஃபுகுடா ஹாச்சினோசுகேயிடம் பயின்றபோது, ஒரு வீழ்த்து முறையில் கையை எப்படி வைப்பது, காலை எப்படி எடுப்பது என்று அவர் கேட்க, குரு விளக்கம் கூறாமல் அவரைத் திரும்பத் திரும்பத் தூக்கி எறிந்தாராம். இதைக் கானோவே நினைவுகூர்ந்திருக்கிறார். கேள்விக்கு விடை உடலின் வழியே வருவதென்ற அம்முறையில் ஒரு நேர்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் குருவுக்கே விடை தெரியாத இடத்திலும் அதே மௌனம் அதே கம்பீரத்தோடு விளங்குமென்பதால், இந்தச் சம்பிரதாயத்தின் மிகப் பலவீனமான இடம் இதுவென்று கருதுகிறேன். காலத்தையும் பொறுமையையும் அடக்கத்தையும் பள்ளி கேட்பது நியாயம். ஆராயும் புத்தியையும் அடகு வைக்கச் சொல்வது நியாயமன்று.

குருவின் அறியாமை மௌனத்தில் மறையும் இந்த அபாயம் ஜப்பானுக்கு வெளியே பன்மடங்காகிறது. கதோரிப் பள்ளியில் பிரமாணம் செய்த வெளிநாட்டவருள் முன்னோடியாகிய அமெரிக்கர் டான் டிரேகர், அதற்காக ஜப்பானிலேயே பல்லாண்டு வாழ்ந்தார். அத்தகைய தியாகம் இன்றித் தம்மைத் தாமே பரம்பரைத் தலைவர் என்று அறிவித்துக்கொண்டு, எந்தக் குருவிடமும் கற்காத வித்தைக்குப் புராணம் புனைவோர் மேல்நாடுகளில் பலர். உண்மையான ஆசிரியரோ, தமக்குக் கற்பித்தவர் யார், ஜப்பானிலுள்ள மூலப் பள்ளிக்குத் தம்மைத் தெரியுமா என்ற இரு கேள்விகளால் புண்படமாட்டார்.

உடலைப் பற்றிச் சிறிது. மண்டியிட்டு நெடுநேரம் அமர்வதும் அந்நிலையிலிருந்தே எழுந்து வாளுருவுவதும் பல பள்ளிகளில் வழக்கமாதலால், முழங்காலில் முன்பே நோவுள்ளவர் வைத்தியரைக் கேட்டபின் சேர்வது நலம். மரவாள் வலிய ஓக் மரத்தால் ஆனது. அது விரலில் பட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தற்காப்பை விரைவில் கற்க விழைகிறவர் இங்கே வந்து ஏமாற வேண்டாம். அவருக்கு ஜூடோக் கூடமே தக்க இடம். பழைய பள்ளியைத் தேடுகிறவர், பெயரின் கீர்த்தியை நம்பாமல், அனுமதி பெற்றுச் சில நாட்கள் ஓர் ஓரத்தில் அமர்ந்து பயிற்சியைப் பார்க்க வேண்டும். குரு கட்டாவை அழகாகச் செய்கிறாரா என்பதைவிட, மூத்த சீடர்கள் புதியவரைத் தாக்கும்போது அவர் திறமைக்கு ஏற்பத் தம் வேகத்தை அடக்குகிறார்களா, அல்லது தம் வலிமையைக் காட்டுகிறார்களா என்பதையே உற்று நோக்குங்கள். இரண்டாவது வகையினர் நிறைந்த இடமாயின், அதன் மரபு எத்தனை நூற்றாண்டுப் பழமையுடையதாயினும், அங்கே பிரமாணம் செய்யாதீர்கள்.