ஒரு வரியில் ஓர் ஊர்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராம அட்டவணையில் ஒரு சிற்றூருக்குக் கிடைப்பது ஒரே ஒரு வரி. குடும்பங்கள் இத்தனை, ஆண் இத்தனை, பெண் இத்தனை, ஆறு வயது வரையிலான பிள்ளைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், எழுத்தறிந்தோர், வேலை செய்வோர், செய்யாதோர். பலர் மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அந்த வரியைக் கட்டம் கட்டமாக வாசிப்பதில் தனி ருசி.

முதல் கட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே கூரையை எண்ணுவதில்லை, உலையை எண்ணுகிறார்கள். சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலில் உண்பவர்கள் ஒரு குடும்பம் என்பது விதி. வாசல் ஒன்று, திண்ணை ஒன்று. ஆனாலும் மூத்தவன் தனி உலை வைத்துவிட்டால் கணக்கில் இரண்டு குடும்பம். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும் முன்பே அட்டவணைக்குச் சேதி போய்விடுகிறது!

ஆள்கணக்கிலும் அதே நுணுக்கம். 2011 கணக்கு, மார்ச் 1 பிறந்த நள்ளிரவுக்கானது. பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள், மார்ச் 1 முதல் 5 வரை மறுபடியும் போனார்கள். முதல்முறை வந்துபோன பிறகு, அந்த நள்ளிரவுக்குள் பிறந்த சிசுவைச் சேர்க்கவும் இறந்த கிழவரை நீக்கவும்தான் இரண்டாவது நடை. வீடற்றவர்களை பிப்ரவரி 28 இரவில், படுத்திருந்த இடத்திலேயே எண்ணினார்கள். எழுத்தறிவுக் கட்டம் கொஞ்சம் கறாரானது: ஆறு வயதுக்காரி கடகடவென்று வாசித்துக் காட்டினாலும் அவள் எழுத்தறியாதவள்தான். ஏழு ஆகட்டும் என்கிறது விதி.

நான் அதிக நேரம் நிற்பது ஆறு வயது வரையிலான பிள்ளைகள் கட்டத்தில். நாட்டளவில் 1991இல் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 945 பெண் குழந்தைகள், 2011இல் 918. சேலம் மாவட்டத்தில் 1991இல் இந்த எண் 849. பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் அந்த மாவட்டத்தில் தொடங்கியதற்குப் பின்னால் இப்படியொரு கட்டம் இருந்தது. ஆனால் சிற்றூரின் வரியில் விகிதம் போட்டுப் பார்க்க நான் அவசரப்பட மாட்டேன். நாற்பது பிள்ளைகள் உள்ள ஊரில் பையன்கள் 22, பெண்கள் 18 என்றால் விகிதம் 818; கேட்டவர் நெஞ்சு பதறும். அந்தப் பையன்களில் இரண்டு பேர் பெண்ணாய்ப் பிறந்திருந்தால் சரியாக ஆயிரம். ஓர் ஊரைக் குற்றம் சொல்ல ஒரு வரி போதாது. அக்கம்பக்கத்து ஊர்களின் வரிகளையும், முந்தைய பத்தாண்டுகளின் வரிகளையும் சேர்த்து வைத்துத்தான் பேச வேண்டும்.

கடைசியில் வரும் வேலைக் கட்டங்கள் பெரிய வேடிக்கை. ஆறு மாதமோ அதற்கு மேலோ உழைத்தால் முதன்மை உழைப்பாளர். குறைந்தால் குறு உழைப்பாளர். வீட்டுக் குடிப்புக்கென்றே மாடு கறந்தாலும் அது வேலை என்று 2001இல் சேர்த்துக்கொண்டார்கள். கறப்பவள் உழைப்பாளி, அந்தப் பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொடுப்பது மட்டுமே பொழுதாக இருப்பவள் ‘வேலை செய்யாதோர்’. ஆகவே 1991க்கும் 2001க்கும் இடையில் ஓர் ஊரில் உழைக்கும் பெண்கள் கூடியிருந்தால், கூடியது வேலையா விதியா என்று அந்த ஊர்த் தொழுவங்களை எட்டிப்பார்த்த பிறகே சொல்வேன்.