மரபு வணக்கமும் கலை மதிப்பும்: மெலோடிராமாப் படங்கள் சிலவற்றை முன்வைத்து ஒரு நோக்கு

1

பழைய திரைப்பட வகைகளுக்கு வணக்கம் செலுத்தும் முறையில் ஆக்கப்படும் படங்கள் கலை என்ற வகையில் மதிக்கத்தக்கனவா என்னும் வினா, திரைப்பட விமர்சனத்தில் அடிக்கடி எழுப்பப்படுவதும் முறையாக ஆராயப்படாது கைவிடப்படுவதுமான ஒன்றாகும். இத்தகைய படங்களைப் போற்றுவோர் நெறியாளரின் பழம்படப் புலமையை வியப்பர். தூற்றுவோர் சொந்தச் சரக்கு அற்றவன் முன்னோரிடம் கடன் வாங்கினான் என்பர். இரு சாராரும் தம்மையறியாமலே ஒரே அளவுகோலைக் கையாளுகின்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. கலைப்படைப்பு தனியொருவரின் தற்சிந்தனையில் மட்டும் பிறப்பது என்ற கருத்தே அவ்வளவுகோலாகும்.

இக்கருத்து வரலாற்றில் மிகப் பிந்தியது. நமது இலக்கண மரபு முதல்நூல், வழிநூல், சார்புநூல் என நூல்களைப் பகுத்தபொழுது, வழிநூலைப் போலி என இழித்துரைக்கவில்லை. முன்னோர் முடிபினை ஏற்று, பின்னோன் தான் வேண்டும் விகற்பத்தைக் கூறுதலே வழிநூலின் இலக்கணம் என நன்னூலார் கொண்டார். எனவே, ஒரு படம் பழையதொன்றைச் சார்ந்து நிற்கிறதா என்பதன்று வினா. அது கூறும் விகற்பம் யாது, அவ்விகற்பம் எவ்வகைச் சமூகத் தேவையினின்றும் எழுந்தது என்பனவே வினாக்களாம்.

2

மார்க்சிய விமர்சகர் மத்தியில் இப்பொருள் குறித்துப் பெருஞ்செல்வாக்குப் பெற்ற கருத்து பிரெட்ரிக் ஜேம்சனுடையது. 1984ஆம் ஆண்டு 'நியூ லெஃப்ட் றிவியூ' இதழில் வெளியான பின்நவீனத்துவம் பற்றிய கட்டுரையில், பழைய பாணிகளை எவ்வித எள்ளலும் விமர்சன நோக்குமின்றிப் பின்பற்றும் போக்கினை அவர் பிந்திய முதலாளித்துவத்தின் பண்பாட்டு இயல்புகளுள் ஒன்றாக இனங்கண்டார். 'பொடி ஹீட்' (1981) போன்ற படங்களை அவர் கடந்தகால ஏக்கப் படங்கள் என்றார். இவற்றில் வரலாறு மறைந்து, வரலாற்றின் தோற்றம் மட்டுமே பளபளப்பான பண்டமாக எஞ்சுகிறது என்பது அவரது வாதத்தின் சாரம்.

2024ஆம் ஆண்டு மறைந்த இப்பேரறிஞரின் கணிப்புப் பெரும்பாலும் சரியானதே. ஆயினும், அதனை விதியாகக் கொண்டு எல்லாப் படங்களுக்கும் பொருத்துவது மார்க்சிய முறையியலுக்கு ஒவ்வாது. ஒரு கலைவடிவம் குறிப்பிட்ட சமூக முரண்பாடொன்றைக் கையாளும் பொருட்டே தோன்றுகின்றது. அம்முரண்பாடு தீராதவிடத்து, வடிவம் மீண்டும் எடுத்தாளப்படுவதற்கு நியாயமான காரணம் உண்டு. இதனை மெலோடிராமா வகையைக் கொண்டு நோக்குவோம்.

3

பிரெஞ்சுப் புரட்சியை அடுத்த ஆண்டுகளில் பாரிஸ் நகர மேடைகளில் உருப்பெற்ற மெலோடிராமா, பின்னர் ஹொலிவூட்டில் 'பெண்களுக்கான அழுகைப் படம்' என்ற ஏளனப் பெயருக்குள்ளாயிற்று. 1897இல் ஹம்பேர்க் நகரிற் பிறந்து, ஜேர்மன் நாடக மேடையில் நெறியாளராகப் பயின்று, நாசி ஆட்சியிலிருந்து 1937இல் வெளியேறிய டக்ளஸ் சேர்க், 1950களில் யுனிவர்சல் நிறுவனத்துக்காக இத்தகைய படங்களை ஆக்கினார். அவற்றுள் ஒன்று 'ஓல் தட் ஹெவன் அலவ்ஸ்' (1955).

வசதி படைத்த விதவை ஒருத்தி தன் தோட்டக்காரனைக் காதலிக்கிறாள். வயதும் வர்க்கமும் தடையாகின்றன. ஊர் பழிக்கிறது, வளர்ந்த பிள்ளைகள் எதிர்க்கின்றனர். அவள் காதலைத் துறக்கிறாள். அத்துறவுக்கு ஈடாகப் பிள்ளைகள் அவளுக்கு வாங்கித் தருவது ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. அணைந்திருக்கும் அதன் கண்ணாடியில் தனித்திருக்கும் அவளது முகம் தெரிகின்றது. நுகர்வுப் பண்டம் மனித உறவின் இடத்தைப் பிடித்துக்கொள்வதை இதனிலும் சுருக்கமாகக் காட்டிய காட்சிகள் அரியன.

அக்காலத்து விமர்சகர் பலர் இப்படத்தைப் பொருட்படுத்தவில்லை. இடதுசாரிகளும் இதற்கு விலக்கல்லர். தொழிற்சாலையும் வேலைநிறுத்தமும் இல்லாவிடத்து வர்க்கமும் இல்லை என அவர்கள் எண்ணினர் போலும். வீட்டினுள்ளும் வர்க்கம் இயங்குகிறது என்பதையும், பெண்ணின் கண்ணீரும் சமூக ஆவணமே என்பதையும் உணர்த்த, 1971இல் 'ஸ்கிறீன்' சஞ்சிகை வெளியிட்ட சேர்க் சிறப்பிதழும், 1970களில் லோரா மல்வி போன்ற பெண்ணியவாதிகளின் எழுத்துகளும் தேவைப்பட்டன. இது நாம் ஏற்றுக்கொள்ளவேண்டிய தவறாகும்.

4

1971இல் சேர்க்கின் படங்களைப் பார்த்துப் பரவசமுற்று அவை பற்றிக் கட்டுரை எழுதிய றெய்னர் வேர்ணர் பாஸ்பின்டர், 1974இல் 'அலி: அச்சம் ஆன்மாவைத் தின்னும்' என்ற படத்தை உருவாக்கினார். சேர்க்கின் கதைச் சட்டகம் அப்படியே இருக்கிறது. ஆனால் வசதி படைத்த விதவையின் இடத்தில் துப்புரவுத் தொழிலாளியான எம்மி. தோட்டக்காரனின் இடத்தில் மொரோக்கோவிலிருந்து வந்த தொழிலாளி. களம் மியூனிக் நகரம்.

இம்மாற்றம் தற்செயலானதன்று. மேற்கு ஜேர்மனி வெளிநாட்டுத் தொழிலாளரைத் தருவிக்கும் முதல் உடன்படிக்கையை இத்தாலியுடன் செய்துகொண்டது 1955இல், மொரோக்கோவுடன் 1963இல். 1973இல் இத்தொழிலாளரின் தொகை ஏறத்தாழ 26 இலட்சம். அவ்வாண்டு நவம்பரில் ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. 'விருந்தாளித் தொழிலாளர்' என அழைக்கப்பட்ட இவர்களின் உழைப்பு வேண்டப்பட்டது, இருப்பு வேண்டப்படவில்லை. நாயகனின் உண்மைப் பெயர் நீண்டது. 'அலி' என்பது பிறர் இட்டு வழங்கும் பெயர். பெயரைக் கூட இழந்தவனாகவே அவன் நமக்கு அறிமுகமாகிறான்.

சேர்க்கின் படத்தில் மகன் பரிசளித்த தொலைக்காட்சிப் பெட்டியை, பாஸ்பின்டரின் படத்தில் மகன் காலால் உதைத்து உடைக்கிறான். பழம்படத்தை அறிந்தவர் இதனை இரசிப்பர். அறியாதவருக்கும் காட்சியின் பொருள் குறைவுபடாது. நல்ல மரபு வணக்கத்துக்கு இது ஓர் உரைகல் எனலாம். முன்னைய படைப்பை அறிந்தோர்க்கு மட்டும் திறக்கும் கதவு கலையன்று, குழூஉக்குறியே.

இதனிலும் முக்கியமானது வேறொன்று. எம்மியை ஒதுக்கிய சக தொழிலாளப் பெண்கள் பின்னர் அவளைச் சேர்த்துக்கொள்கின்றனர். அப்பொழுது புதிதாக வந்த யூகோஸ்லாவியப் பெண்ணொருத்தி ஒதுக்கப்படுகிறாள். முன்பு எம்மி தனித்திருந்து உண்ட படிக்கட்டில் இப்பொழுது அவள் தனித்திருக்கிறாள். ஒதுக்குவோருள் எம்மியும் ஒருத்தி. ஒடுக்கப்பட்டோர் நல்லோராகவே இருப்பர் என்னும் மெலோடிராமாவின் அடிப்படை நம்பிக்கை இங்கு தகர்கிறது. தொழிலாள வர்க்கத்தினுள்ளேயே இனவாதம் செயற்படும் விதத்தை இக்காட்சி உபதேசமின்றி உணர்த்துகின்றது. இறுதியில் அலி வயிற்றுப்புண் வெடித்து விழுகிறான். வெளிநாட்டுத் தொழிலாளரிடையே இந்நோய் சாதாரணம் என்கிறார் மருத்துவர். சேர்க்கின் நாயகனும் இறுதியில் படுக்கையில் கிடப்பவனே. அவன் வீழ்ந்தது விபத்தால், இவன் வீழ்வது உழைப்புச் சந்தையால். விகற்பம் என்பது இதுவே.

5

இதற்கு மாறானதோர் உதாரணத்தையும் நோக்குதல் தகும். மிஷெல் ஹசனாவிசியுஸ் நெறிப்படுத்திய 'த ஆர்ட்டிஸ்ட்' (2011), பேசாப்பட யுகத்துக்குப் பேசாப்படமாகவே செலுத்தப்பட்ட வணக்கமாகும். 2012இல் சிறந்த படத்துக்கானது உட்பட ஐந்து ஒஸ்கார் விருதுகளை அது பெற்றது. கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவும் நடிப்பும் குறைகூற இயலாதவை.

ஆயினும், படம் எடுத்துக்கொண்ட காலப்பகுதி 1927 முதல் 1932 வரையிலானது. பேசும்படத்தின் வருகை, திரையரங்குகளில் வாத்தியம் இசைத்துப் பிழைத்த ஆயிரக்கணக்கான கலைஞரின் தொழிலைப் பறித்தது. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் இயந்திர இசைக்கெதிராக இயக்கம் நடத்தியது. இவை எதுவும் படத்தில் இல்லை. தொழில்நுட்ப மாற்றம் ஒரு நட்சத்திரத்தின் தன்மானப் பிரச்சினையாகச் சுருங்குகிறது; 1929ஆம் ஆண்டு நெருக்கடி அவனது சொந்த நட்டமாகிறது; ஒரு பெண்ணின் அன்பும் ஒரு நடனமும் யாவற்றையும் தீர்த்துவைக்கின்றன. பழைய வடிவத்தின் ஒப்பனையை எடுத்துக்கொண்டு அதன் வேதனையை விட்டுவிடுவது இது. ஜேம்சனின் கண்டனம் இத்தகைய படத்துக்கு முற்றிலும் பொருந்தும்.

6

இவ்விரு முனைகளுக்குமிடையே வைத்து எண்ணத்தக்கது ரொட் ஹேன்ஸின் 'ஃபார் ஃபுரொம் ஹெவன்' (2002). களம் 1957ஆம் ஆண்டின் ஹார்ட்போர்ட் நகரம். வண்ணமும் இசையும் சட்டகமும் சேர்க்கை நினைவூட்டுகின்றன. ஆனால் தோட்டக்காரன் கறுப்பினத்தவன்; நாயகியின் கணவன் தன்பாலினத்தவன். 1934 முதல் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்ட ஹொலிவூட் தயாரிப்பு விதிக்கோவை திரையில் வெளிப்படையாகக் கூறவிடாது தடுத்த விடயங்கள் இவை. பழைய வகை தன் காலத்தில் விழுங்கிய சொற்களை ஹேன்ஸ் அதன் மொழியிலேயே பேசவைக்கிறார். கணவனின் விருப்பம் மறைவில் நிறைவேறலாம். தோலின் நிறத்தை மறைக்கவியலாது என்ற வேறுபாட்டையும் படம் நுட்பமாகக் காட்டுகின்றது.

எனினும், குறை ஒன்றுண்டு. பாஸ்பின்டர் சேர்க்கைத் தம் நிகழ்காலத்துக்கு இழுத்து வந்தார். ஹேன்ஸ் சேர்க்கின் காலத்துக்கே திரும்பிச் சென்றார். இதனால், அன்றைய மக்களின் அறியாமைக்காக இரங்கி, தாம் முன்னேறிவிட்டதாக ஆறுதலுறும் வாய்ப்புப் பார்வையாளருக்குக் கிடைக்கிறது. வீட்டுப் பணிப்பெண்ணான சிபிலும் திரையின் ஓரத்திலேயே நின்றுவிடுகிறாள். இருந்தும், காதலர் பிரியும் புகையிரத நிலையத்தோடு முடியும் இறுதிக் காட்சியில் போலி ஆறுதல் எதுவும் வழங்கப்படவில்லை. அவ்வகையில் அது மதிப்புக்குரியதே.

தொகுத்து நோக்குமிடத்து, மரபு வணக்கம் என்பது தன்னளவில் தகுதியுமன்று, தகுதியின்மையுமன்று. பழைய வடிவம் எந்த முரண்பாட்டைத் தாங்கி நின்றதோ அதனைத் தேடிக் கண்டு, தன் காலத்தின் முரண்பாட்டோடு அதனை மோதவிடும் படைப்பே மரபின் உண்மையான வாரிசு. அதன் உடையை மட்டும் அணிந்துகொள்வது வேடம். இவ்வேறுபாட்டைப் படந்தோறும் பகுத்துக் காட்டுவதே விமர்சகனின் பணி. ஏக்கம் என்ற ஒரு சொல்லால் யாவற்றையும் ஒதுக்கிவிடுவது எளிது. அழுகைப் படம் என்ற சொல்லால் சேர்க்கை ஒதுக்கியோரும் அவ்வெளிய வழியையே மேற்கொண்டனர் என்பதை நாம் மறத்தலாகாது.