கவசமும் கொல்லனும்

அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாருக்கு அம்மன்னன் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான் என்றும், அதைக் கண்டு அவர் பாடியதே புறநானூற்றின் 95ஆம் பாடல் என்றும் பழங்குறிப்புக் கூறுகிறது. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மிக்க மனையில் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன. புகழ்வது போலப் பழித்தும் பழிப்பது போலப் புகழ்ந்தும் செல்லும் அதன் நயத்தை ஆண்டுதோறும் மாணவர்க்கு எடுத்துரைக்கின்றோம். வாண்மங்கலம் என்று துறை கூறி முடித்து விடுகின்றோம்.

ஆனால் அந்தச் சிறு கொட்டிலில் ஒரு மனிதன் இருந்தான். சிதைந்த நுனியை மீண்டும் உலையிலிட்டுக் காய்ச்சி அடித்தவன் அவன். அவனைப் பற்றி நாம் ஒரு சொல்லும் கூறுவதில்லை. மன்னனுக்கும் மன்னனுக்கும் இடையிலான ஒப்பீடாக மட்டும் அப்பாடலைப் படித்துப் பழகிய நம் கண்ணுக்குக் கொல்லன் புலப்படாதது வியப்பன்று. பொன்முடியார் 312ஆம் பாடலில் தாய்க்கும் தந்தைக்கும் வேந்தனுக்கும் கடமை வகுக்கும்போது கொல்லனுக்கும் ஒரு கடமை வகுக்கிறார். அங்கும் கடமைதான் அவனுக்கு உண்டு, பெயர் இல்லை.

இப்பழம் பாடலை இன்று எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. தொண்டைமானின் கொட்டிலைப் போன்றதொரு புதிய கொட்டில் இன்று உலகெங்கும் எழுந்துள்ளது. ஐரோப்பிய மத்திய காலத்துத் தகட்டுக் கவசங்களைப் புதிதாகச் செய்து, அணிந்து, அக்காலப் போர்களை மீள நடித்துக் காட்டுவதும், மழுங்கிய வாளும் கோடரியும் கொண்டு உண்மையாகவே மோதும் விளையாட்டை நடத்துவதும் மேலை நாடுகளிற் பெரும் பொழுதுபோக்காக வளர்ந்துள்ளன. 1966இல் அமெரிக்காவின் பேர்க்லி நகரில் இத்தகையதொரு சங்கம் தோன்றியது. 2010இல் உக்ரைனின் கோட்டின் கோட்டையில் ‘நாடுகளின் போர்’ என்னும் பெயரால் கவசப் போட்டி தொடங்கியது. திரைப்படங்களின் வழியே இந்த இரசனை நம் இளைஞரையும் எட்டியுள்ளது. எனவே இதனை ஆராயாது விடுவது விமரிசகனுக்கு அழகன்று.

முதலில் இக்கலையின் சிறப்பைச் சிறப்பென்றே ஒப்புக்கொள்வோம். பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பதினைந்தாம் நூற்றாண்டிலும் முழுமை பெற்ற தகட்டுக் கவசம் மனித அறிவின் அரிய படைப்புகளுள் ஒன்று. உடல் முழுவதையும் மூடும் கவசத்தின் எடை பெரும்பாலும் இருபது முதல் இருபத்தைந்து கிலோகிராம். அப்பாரம் உடலெங்கும் பகிர்ந்து நிற்பதால் அணிந்தவன் ஓடவும் குதிரை ஏறவும் இயலும். தகடு எங்கும் ஒரே தடிப்புடையதன்று. அடி விழும் மார்பிலும் தலையிலும் தடித்தும், கைகால்களில் மெலிந்தும் இருக்கும். முழங்கையிலும் முழங்காலிலும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் சிறு தகடுகளை ஆணியும் தோல்வாரும் இணைக்கும். இறாலின் ஓட்டைக் கண்டவர்க்கு அதன் அமைப்பு உடனே விளங்கும். மிலான், ஔக்ஸ்பேர்க், நியூரம்பேர்க், இன்ஸ்புரூக் ஆகிய நகரங்களின் பட்டறைகள் இத்தொழிலாற் புகழ் பெற்றன. மிலானின் மிசாக்லியா குடும்பமும் ஔக்ஸ்பேர்க்கின் ஹெல்ம்ஷ்மிட் குடும்பமும் அத்தொழிலின் பேராசான்களாக விளங்கின.

அங்கே கொல்லனின் பெயராவது ஓரளவு எஞ்சியது. தகட்டிலே பட்டறை முத்திரை குத்தும் வழக்கம் அதற்கு உதவிற்று. எனினும் யாருக்காக அந்தக் கவசம்? 1525 மே 15ஆந் திகதி ஜேர்மனியின் பிராங்கன்ஹவுசனில், அடிமைத்தளையை அறுக்க எழுந்த உழவர்கள் திரண்டு நின்றனர். பிரபுக்களின் குதிரைப்படையும் பீரங்கியும் அவர்களைச் சூழ்ந்தன. ஒரே நாளில் பல்லாயிரம் உழவர் வெட்டுண்டு மாண்டனர்; அவர்களின் தலைவர் தோமஸ் முண்ட்சர் பின்னர் கொல்லப்பட்டார். கவசம் ஒரு வர்க்கத்தின் மேனியை மூடியது. மற்ற வர்க்கத்தின் மேனி திறந்தே கிடந்தது. இன்றைய நூதனசாலையில் அக்காலக் கவசம் ஒளிவிடும்போது அதனருகே அன்றைய உழவனின் கந்தற் சட்டை வைக்கப்படுவதில்லை. துணி மக்கிப்போகும், எஃகு நிலைக்கும் என்பது ஒரு காரணம். எதனைப் பேணுவது என்று தீர்மானித்தவர்கள் யார் என்பது மற்றொரு காரணம்.

கவசத்தின் உண்மையான பயன் மறைந்த பின்னரே அதன்மீது ஏக்கம் பிறந்தது. இந்த ஏக்கத்தை முதன்முதல் முழுமையாகக் கண்டு நகைத்தவர் செர்வாண்டிஸ். 1605இல் வெளிவந்த ‘டொன் குவிக்சோட்’ நாவலில், வீரக் கதைகளைப் படித்து மதிமயங்கிய அந்த எளிய பிரபு தன் முன்னோரின் துருப்பிடித்த கவசத்தைத் தேய்த்துத் துலக்குகிறான். தலைக்கவசத்திற்கு முகமூடி இல்லை. மட்டையினால் ஒன்று செய்து வாளால் வெட்டிப் பார்க்கிறான். அது சிதறிப் போகிறது. மீண்டும் செய்து உள்ளே இரும்புப் பட்டி வைக்கிறான். இம்முறை சோதித்துப் பார்க்கவில்லை! சோதனைக்கு அஞ்சும் பழம்பெருமையை இதைவிடக் கூர்மையாக எள்ளிய எழுத்து அரிது.

செர்வாண்டிஸ் நகைத்ததை ஆங்கிலப் பிரபுக்குலம் இருநூறு ஆண்டுகளின் பின் பயபக்தியோடு செய்தது. வால்டர் ஸ்கொட்டின் ‘ஐவன்ஹோ’ போன்ற நாவல்கள் ஊட்டிய மயக்கத்தில், 1839 ஓகஸ்ட் மாத இறுதியில் எக்லின்டன் பிரபு ஸ்கொட்லாந்திலே தம் கோட்டைப் புறத்தில் ஒரு வீரப்போட்டியை நடத்தினார். கவசங்கள் லண்டன் வணிகரிடமிருந்து வந்தன. பெருந்திரளான மக்கள் வேடிக்கை பார்க்கக் கூடினர். வந்தது பெருமழை. களம் சேறாயிற்று, கவச வீரர்கள் குடை பிடித்தனர் என்று ஐரோப்பா சிரித்தது. சிரித்துவிட்டுக் கடந்து போகக்கூடிய நிகழ்ச்சியன்று இது. அதே 1839 யூலையில், வாக்குரிமை கேட்டுத் தொழிலாளர் பன்னிரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களுடன் சமர்ப்பித்த சாசன மனுவை ஆங்கிலப் பாராளுமன்றம் தள்ளுபடி செய்தது. நவம்பரில் நியூபோர்ட் நகரில் எழுந்த தொழிலாளர்மீது படையினர் சுட்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆலைப் புகையினூடே எழுந்த புதிய குரலைக் கேட்க விரும்பாத காதுகளுக்குப் பழைய தலைக்கவசம் நல்ல மறைப்பாயிற்று.

இன்றைய கவச விளையாட்டினர் எக்லின்டன் பிரபுக்கள் அல்லர். அதனை நேர்மையுடன் கூறவேண்டும். அவர்களிற் பலர் உழைத்து வாழும் சாதாரண மக்கள். வார இறுதியில் தாமே தகடு அடித்துக் கற்போரும், வரலாற்றை ஆழ்ந்து படிப்போரும் அவர்களுள் உள்ளனர். கவசம் தூக்க முடியாத பாரம் என்ற கட்டுக்கதையைச் செய்து காட்டி உடைத்த பெருமையில் அவர்களுக்கும் பங்குண்டு. கைத்தொழில் மறைந்துவரும் காலத்தில் சம்மட்டியைக் கையில் எடுப்பவனை நாம் எள்ளி நகையாடலாகாது.

ஆயினும் அக்கவசங்களும் வாள்களும் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டுப் பார்ப்போம். அவற்றுட் பெரும் பகுதி நமது அண்டை நாட்டிலேயே செய்யப்படுகிறது. வட இந்தியாவின் டேராடூனில் 1943இல் தொடங்கிய விண்ட்லாஸ் நிறுவனம், போர்க்காலத்தில் படைக்குக் குக்ரிக் கத்தி செய்து வளர்ந்து, பின்னர் ஐரோப்பிய வாள்களையும் கவசங்களையும் போலவே செய்து மேலை நாடுகளுக்கு அனுப்பும் பெருந்தொழிலாயிற்று. மீரட் நகரிலும் இத்தொழில் நடக்கிறது. வளையக் கவசம் ஒன்றுக்கு இருபதினாயிரம் வளையங்கள் வரை வேண்டும். ஆணியிட்ட வளையமாயின் ஒவ்வொன்றையும் கோத்துத் துளையில் ஆணி செருகி நசுக்க வேண்டும். ஒரு நாட்டு இளைஞன் ஒரு நாள் வீரனாவதற்கு மற்றொரு நாட்டுத் தொழிலாளி எத்தனை நாள் குனிந்திருக்கிறான்! அணிபவன் தன்னை நைற் என்கிறான், பிரபு என்கிறான், தனக்கொரு கொடியும் சின்னமும் வகுத்துக்கொள்கிறான். வளையம் கோத்தவனின் பெயர் இங்கும் இல்லை.

இவ்விடத்தில் நம் இலக்கிய விவாதங்களிற் பழகிய ஒரு வேறுபாடு கைகொடுக்கிறது. இயற்பண்புவாதம் வேறு, யதார்த்தவாதம் வேறு. கண்ட பொருளைக் கண்டவாறே, ஒரு புள்ளியும் பிசகாது படியெடுப்பது முன்னது. அப்பொருளைத் தோற்றுவித்த சமூக உறவுகளை உணர்ந்து, உண்மையின் இயக்கத்தைக் காட்டுவது பின்னது. மீளாக்கக் கவசம் இயற்பண்புவாதத்தின் உச்சம். ஆணியின் தலை சரி. தோல்வாரின் அகலம் சரி. தகட்டின் வளைவும் சரி. ஆனால் நிலப்பிரபு இருக்கிறான், பண்ணையாள் இல்லை. போர் இருக்கிறது, அதற்குக் கொடுத்த வரி இல்லை. வெற்றி இருக்கிறது, எரிந்த ஊர் இல்லை. எல்லாம் சரியாயிருந்தும் முழுவதும் பொய்யாகிவிடும் விந்தை இது.

இதற்கு எதிராக நமது கூத்தை வைத்துப் பாருங்கள். வடமோடிக் கூத்தரசன் அணியும் கரப்புடுப்பும், பளபளக்கும் கண்ணாடித் துண்டு பதித்த மரமுடியும் எந்த மன்னனின் உடைக்கும் படியன்று. அவ்வாறு ஏமாற்றவும் அவை முயல்வதில்லை. பகலில் வயலில் நின்றவன் இரவிலே அரசனாகின்றான் என்பதைச் சபை முழுவதும் அறியும். அறிந்தபடியே அழுகிறது, சிரிக்கிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனையில் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றியபோது, உடன்பிறந்த கவசத்தை அறுத்துக் கொடுத்தவனின் கதையை ஒரு தகடுமின்றியே நகரத்தவரும் உணர்ந்தனர். குலம் எதுவென்று கேட்டு இழிவு செய்யப்பட்ட ஒருவனின் துயரம் அது. அந்தக் கவசத்தை எந்தப் பட்டறையிலும் அடிக்க முடியாது.

பொழுதுபோக்குத்தானே, இதில் அரசியல் எதற்கு என்று சிலர் கேட்பர். கோட்டின் களம் அதற்கு மறுமொழி கூறும. 2010இல் அங்கே ரஷ்யரும் உக்ரைனியரும் ஒரே கோட்டைச் சுவரின் கீழ்க் கவசம் அணிந்து மோதி, மோதிய பின் தழுவிக்கொண்டனர். 2022 பெப்ரவரியில் அவ்விரு நாடுகளுக்கிடையே முழுப்போர் மூண்டது. விளையாட்டுப் போரைத் தோற்றுவித்தது என்று கூறுவது மூடத்தனம். ஆனால் போரின் காரணங்களை அகற்றிவிட்டு அதன் அழகை மட்டும் பயிலும் கலை, உண்மைப் போர் வரும் வேளையில் ஒருவனுக்கு எந்த அறிவையும் அளிப்பதில்லை என்பது திண்ணம்.

பரந்தனில் இருந்து எழுதுபவனுக்கு இது ஏட்டறிவு மட்டுமன்று. இங்கிருந்து ஏ-9 வீதியில் வடக்கே சென்றால் ஆனையிறவில், பொதுமக்கள் பார்வைக்கென ஒரு கவசம் நிற்கிறது. மண் தள்ளும் புல்டோசர் ஒன்றின்மீது இரும்புத் தகடுகளைப் பொருத்தி விடுதலைப் புலிகள் போருக்குக் கொண்டுவந்தது அது. 1991 யூலையில் அதனைத் தடுத்து நிறுத்துகையில் படையினனான கோப்ரல் காமினி குலரத்ன உயிரிழந்தார். அந்தச் சமரில் இரு பக்கத்திலும் நூற்றுக்கணக்கான இளைஞர் மாண்டனர். இன்று உல்லாசப் பிரயாணிகள் அதன்முன் நின்று படம் எடுக்கின்றனர். மண்ணைத் திருத்தப் பிறந்த பொறி மனிதரைக் கொல்லும் பொறியானதை எண்ணி வருந்துவோர் எத்தனை பேர்? இதே பகுதியில் 1950களில் எழுந்த இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவின் உப்பிலிருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறிட்டது. போர் அதனைச் சிதைத்தது. அந்த இழப்பைப் படம் எடுக்க எவரும் பேருந்தை நிறுத்துவதில்லை.

சில காலத்துக்கு முன் எம் மாணவர்கள் பண்டாரவன்னியன் நாடகம் போட முனைந்தனர். 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றி, அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் கற்சிலைமடுவில் தோல்வியுற்ற வன்னித் தலைவனின் கதை. மட்டையும் வெள்ளித்தாளும் கொண்டு மார்புக்கவசம் ஒன்று மிக அழகாகச் செய்திருந்தனர். எதைப் பார்த்துச் செய்தீர்கள் என்று கேட்டேன். படத்தில் அப்படித்தான் இருந்தது என்றனர். அவனோடு நின்ற ஊரவர் என்ன அணிந்திருப்பர் என்று கேட்டேன். சிறிது நேரம் மௌனம். “சேர், அவங்களுக்கு ஒண்டும் இல்லைத்தானே” என்றாள் ஒரு மாணவி. அவளுடைய குரலில் வரலாற்றைப் பற்றிய ஐயம் எதுவும் இல்லை. ஒன்றும் அணியாமல் போருக்குள் அகப்பட்டவர்களை அவள் வீட்டாருக்குத் தெரியும். கவசத்தைக் கைவிடும்படி நான் கூறவில்லை. சாரமும் வெறும் மேனியுமாய் நிற்கும் ஊரவரை மேடையின் முன்பக்கத்துக்குக் கொண்டுவரும்படி மட்டும் கூறினேன். நாடகம் அதனால் குறைபடவில்லை.

ஆகவே, விமரிசகன் செய்யவேண்டியது கவசத்தை உடைப்பதன்று. யார் செய்தது, யார் அணிந்தது, யார் அணியாமல் நின்றது என்ற மூன்று கேள்விகளை அதன்முன் வைப்பதாகும். வன்னியின் பட்டறைகளில் லொறியின் வில்லுத்தகட்டைக் காய்ச்சிக் கத்தியும் கோடரியும் அடிக்கின்றனர். மேலை நாட்டார் தம் விளையாட்டுக் கவசத்துக்கு விரும்பித் தேடும் எஃகும் அந்த இனத்ததே. ஔவையார் எட்டிப் பார்த்த சிறு கொட்டில் இன்னும் இருக்கிறது. அங்கே காடு வெட்டவும் வயல் கொத்தவும் வேண்டிய கருவிகள் நுனி தேய்ந்து, திருத்தத்துக்காகக் கிடக்கின்றன. மாணவரை அழைத்துச் செல்லத் தகுந்த நூதனசாலை அதுவே.